வெள்ளி பூசிய கதீற்றர் வாங்கலாமா?

கேள்வி: யாழ் மாவட்டத்தில் அரச வைத்தியசாலை ஒன்றின் ஆண்கள் சத்திரசிகிச்சை விடுதியில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். கனடாவில் வசிக்கும் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் விடுதிக்கு வெள்ளி பூசிய கதீற்றர்கள் (சலம் வெளியேற உள்ளே வைக்கும் குழாய்கள்) வாங்கித்தர முன்வந்திருக்கிறார். வாங்கலாமா என்று தேடிப் பார்த்துச் சொல்லும்படி பொறுப்புத் தாதி என்னிடம் விட்டிருக்கிறார். 2008இல் வந்த கொக்ரேன் மீளாய்வு (ஒரு கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்ப்பது), வெள்ளி பூசியது கிருமியை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்கிறது. 2012இல் லான்செற் சஞ்சிகையில் வந்த ஆய்வு வித்தியாசம் இல்லை என்கிறது. கதீற்றர் போடுமுன் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைத்தால் தொற்று 94 வீதம் குறையும் என்று இன்னோர் ஆய்வு. பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு இதே தலைப்பில் ஓர் ஒப்படையும் எழுத வேண்டும். எதை நம்புவது?
- ஒரு தாதி, வலிகாமம்

தங்கச்சி,

முதலில் உங்கள் பொறுப்புத் தாதிக்கான பதில்: வெள்ளி பூசிய கதீற்றர் வாங்க வேண்டாம். அந்தக் காசை எதற்குச் செலவழிக்கலாம் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அந்த ஆய்வுகளை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். அடுத்த வருடம் வேறொரு பூச்சோடு வேறொரு கதீற்றர் வரும், அப்போதும் உங்களிடம்தான் கேட்பார்கள்.

நீங்கள் சொன்ன முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை எதை எண்ணின என்று மட்டும் பாருங்கள். 2008 மீளாய்வில் பாதியாகக் குறைந்தது நோய்க்குறி இல்லாத பக்ரீரியா. சலத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் கிருமி வளர்கிறது, ஆனால் ஆளுக்குக் காய்ச்சல் இல்லை, அடிவயிற்றில் நோவும் இல்லை. அதுவும் ஒரு கிழமைக்குக் குறைவாகக் கதீற்றர் இருந்தவர்களில். 2012 ஆய்வு எண்ணியது வேறு. ஆறு கிழமைக்குள் நோய்க்குறியோடு சலத்தொற்று வந்து அன்ரிபயோற்றிக் கொடுக்க வேண்டி வந்ததா என்று அவர்கள் பார்த்தார்கள். ஆகவே இரண்டும் முரண்படவில்லை. இரண்டு வேறு கேள்விகளுக்கு இரண்டு வேறு பதில்கள் கிடைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டாவது ஆய்வைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், அது அதற்குத் தகுதியானது. பிரித்தானியாவில் 24 வைத்தியசாலைகள், ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். யாருக்கு எந்தக் கதீற்றர் என்பது எழுமாறாகத் தீர்மானிக்கப்பட்டது. செலவு அரசாங்க ஆராய்ச்சிப் பணம். சாதாரணக் கதீற்றர் போட்டவர்களில் 12.6 வீதத்தினருக்குத் தொற்று வந்தது, வெள்ளி பூசியது போட்டவர்களில் 12.5 வீதத்தினருக்கு. ஆயிரம் பேருக்கு ஒருவர் வித்தியாசம் என்றால் அது வித்தியாசமே இல்லை. மூன்றாவதாக நைட்ரோஃபியூரால் என்ற மருந்து ஊறிய கதீற்றரையும் சோதித்தார்கள், அதில் 10.6 வீதம். இதைப் பார்த்து "அப்ப அதை வாங்கலாமே" என்று தோன்றும். ஆனால் ஆய்வைத் தொடங்கு முன்பே அவர்கள் ஒரு கோடு கீறி வைத்திருந்தார்கள்: 3.3 வீதப் புள்ளியாவது குறைந்தால்தான் அது நோயாளிக்குப் பயனுள்ள குறைவு. கிடைத்ததோ 2.1. நம்பிக்கை இடைவெளியும், அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லையும், 4.2 குறைவிலிருந்து 0.1 கூடுதல் வரை போய்ப் பூச்சியத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கதீற்றர் நோயாளிகளுக்குக் கூடுதல் அசௌகரியத்தையும் கொடுத்தது. எந்த ஆய்விலும் இந்த முன்கூட்டிய கோட்டைத் தேடுங்கள். முடிவு தெரிந்த பிறகு கோடு கீறியவர்களுக்கு எந்த எண்ணும் வெற்றியாகத்தான் தெரியும்.

2014இல் அந்தக் கொக்ரேன் மீளாய்வு இந்த ஆய்வையும் சேர்த்துப் புதுப்பிக்கப்பட்டது. நோய்க்குறியுள்ள தொற்றில் வெள்ளிக்கும் சாதாரணத்துக்கும் உள்ள விகிதம் 0.99 (1 என்றால் இரண்டும் சமம்). விலை கூட, பலன் இல்லை என்பதுதான் சாரம். நீங்கள் 2008ஐ வாசித்துவிட்டு நின்றுவிட்டீர்கள். மீளாய்வு ஒன்றைக் கண்டால் அதற்குப் பிந்திய பதிப்பு உண்டா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கொக்ரேன் தளத்தில் எளிய மொழிச் சுருக்கங்கள் சில தமிழிலும் இருக்கின்றன, ஒப்படைக்கு உதவும்.

வளர்ப்புச் சோதனையில் கிருமி வருவது ஏன் நல்ல அளவுகோல் ஆகாது என்பது உங்களுக்கு விடுதியிலேயே தெரியும். கதீற்றர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 வீதத்தினருக்குப் புதிதாகச் சலத்தில் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் போனால் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். குழாயின் வெளிப்பக்கமாகத் தோலிலிருந்தும், உட்பக்கமாகப் பையிலிருந்தும் கிருமி ஏறி, குழாய்ச் சுவரில் ஒரு படலமாகப் படிகிறது. வெள்ளிப் பூச்சு அந்தப் படலத்தைச் சில நாட்களுக்குத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போட்டதால் காய்ச்சலோடு படுப்பவர்கள் குறைந்தார்களா என்பதுதான் நாங்கள் அறிய வேண்டியது, அதற்குப் பதில் "குறையவில்லை" என்று வந்துவிட்டது.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். புரொஸ்ரேற் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கும் வரை கதீற்றரோடு வீட்டுக்குப் போகும் ஐயாமார் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். மகனோ மருமகனோ பையிலிருந்தே கொஞ்சம் சலத்தைப் போத்தலில் ஊற்றித் தனியார் ஆய்வுகூடத்தில் கொடுத்து, கிருமி இருக்கிறது என்ற றிப்போட்டோடு ஓடி வருவார். ஐயா வெளியில் வாங்கில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார், காய்ச்சல் இல்லை, குளிர் நடுக்கம் இல்லை. அந்தத் தாளுக்கு அன்ரிபயோற்றிக் கொடுத்தால் படலத்தில் இருக்கும் கிருமி அழியாது. மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும், அடுத்த முறை உண்மையாகக் காய்ச்சல் வரும்போது கொடுக்க மருந்து இருக்காது. நோய்க்குறி இல்லாத கதீற்றர் நோயாளிக்குச் சிகிச்சை வேண்டாம் என்பது அமெரிக்கத் தொற்றுநோய் வைத்தியர் சங்கத்தின் நெடுங்காலப் பரிந்துரை. சோதனை தேவைப்படும்போதும் மாதிரியைப் பையிலிருந்து எடுக்கக்கூடாது. குழாயில் அதற்கென்று இருக்கும் துவாரத்தைச் சுத்தம் செய்து எடுக்க வேண்டும். கதீற்றர் போட்டு இரண்டு கிழமைக்கு மேலாகி, அது இன்னும் தேவை என்றால், பழையதை மாற்றிப் புதியதிலிருந்து எடுப்பது நல்லது.

சரி, 94 வீதத்துக்கு வருவோம். 2019இல் லான்செற் தொற்றுநோய்கள் சஞ்சிகையில் வந்த அவுஸ்திரேலிய ஆய்வு அது. மூன்று வைத்தியசாலைகள், 1642 பேர். கதீற்றர் போடுமுன் சலவாயிலை சேலைனால் துடைப்பதிலிருந்து 0.1 வீதக் குளோர்ஹெக்சிடினுக்கு, ஒவ்வொரு வைத்தியசாலையாகக் கட்டம் கட்டமாக மாற்றினார்கள். வீதங்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஆட்களை எண்ணுங்கள். சேலைன் காலத்தில் 697 பேரில் 13 பேருக்குத் தொற்று. குளோர்ஹெக்சிடின் காலத்தில் 945 பேரில் 4 பேருக்கு. நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர் என்றிருந்தது அரைப் பேர் அளவுக்கு வந்திருக்கிறது. 94 என்பது காலப்போக்கில் நடந்த மாற்றங்களுக்கு ஈடுசெய்து கணித்த எண். பச்சையாக எடுத்த எண்களில் பார்த்தால் குறைவு நாலில் மூன்று பங்கு. இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் மொத்தம் 17 தொற்றுகளின் மேல் நிற்கும் முடிவு இது. ஐந்தாறு பேர் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போயிருந்தால் அந்தப் பெரிய எண் வெகுவாக மாறியிருக்கும்.

இதற்கு எதிர்மாறாகத் தோன்றும் இன்னோர் ஆய்வும் உங்கள் கண்ணில் படும். 2001இல் 436 கருவுற்ற பெண்களில், வெறும் தண்ணீரா 0.1 வீதக் குளோர்ஹெக்சிடினா என்று பார்த்தார்கள். தண்ணீரில் 8.2 வீதம், குளோர்ஹெக்சிடினில் 9.2 வீதம், வித்தியாசம் இல்லை. உங்கள் விடுதியில் இருப்பவர்களோ வயதான ஆண்கள். ஆக, மகப்பேற்று விடுதிப் பெண்களில் வந்த முடிவு உங்களைக் கட்டாது, அவுஸ்திரேலிய முடிவுதான் கிட்ட வருகிறது. என் அபிப்பிராயம்: 0.1 வீத நீர்க்கரைசல் உங்களிடம் கிடைத்தால் போடுமுன் அதைப் பாவியுங்கள், செலவு சொற்பம். ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள். மதுசாரம் கலந்த, தோலுக்குரிய கரைசலை அந்த மென்சவ்வில் தவறியும் பாவிக்க வேண்டாம். இரண்டும் ஒரே அலுமாரியில் இருக்கும் இடங்களில் இது முக்கியம்.

ஆனால் இதை இழுத்துக்கொண்டு போய், கதீற்றர் போட்ட பிறகும் தினமும் மருந்து ஊற்றித் துடைக்கத் தொடங்கிவிடாதீர்கள். போடுமுன் துடைப்பது வேறு, போட்டபின் துடைப்பது வேறு. 1981இல் வந்த ஆய்வில் தினமும் பொவிடோன் அயடீனால் துடைக்கப்பட்டவர்களில் 16 வீதத்தினருக்குச் சலத்தில் கிருமி வந்தது, அப்படிச் செய்யாதவர்களில் 12.4 வீதத்தினருக்கு. பலன் இல்லை, கூடினாலும் கூடியிருக்கும். குளிக்கும்போது சாதாரணமாகக் கழுவினால் போதும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2009 வழிகாட்டியும் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் அயடீன் போத்தலைக் கட்டில் தலைமாட்டில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.

இனி நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது. கதீற்றர் எந்த இனம் என்பதைவிட எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்பதுதான் தொற்றைத் தீர்மானிக்கிறது. நாளுக்கு 3 முதல் 7 வீதம் என்று சொன்னேனே, அந்தக் கணக்கில் ஒரு நாளைக் குறைப்பது எந்தப் பூச்சையும்விடப் பெரிது. 2010இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, "இந்தக் கதீற்றர் இன்னும் தேவையா" என்று வைத்தியருக்கு நினைவூட்டும் முறைகளையும், தேவை முடிந்தால் தாதியே கழற்றலாம் என்ற முன்கட்டளைகளையும் ஒன்றாகப் பார்த்தது. தொற்று வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதற்குள் இருக்கும் ஆய்வுகளில் பல, ஒரே விடுதியில் முன்னும் பின்னும் பார்த்தவை என்பதை ஒப்படையில் எழுதத்தான் வேண்டும். அப்படியான ஆய்வில், அதே காலத்தில் வந்த புதிய பொறுப்புத் தாதியோ புதிய கைகழுவும் திரவமோ செய்த நன்மையும் நினைவூட்டலின் கணக்கில் சேர்ந்துவிடும். 2008இல் கனடாவின் ஒன்ராறியோவில் எழுமாறாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்றில், முன்கட்டளையால் தேவையற்ற கதீற்றர் நாட்கள் குறைந்தன, ஆனால் சலத்தொற்று குறையவில்லை. இதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: நேரத்தோடு கழற்றியதால் திரும்பப் போட வேண்டி வந்தவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. கழற்றப் பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

2016இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வந்த அமெரிக்கத் திட்ட அறிக்கை இன்னும் பெரியது. 603 வைத்தியசாலைகள், 926 விடுதிகள். புதுக் கருவி ஒன்றும் இல்லை, தினமும் தேவை பார்ப்பது, சுத்தமாகப் போடுவது, எண்ணிச் சொல்வது, அவ்வளவே. சாதாரண விடுதிகளில் ஆயிரம் கதீற்றர் நாட்களுக்கு (ஒருவர் கதீற்றரோடு இருக்கும் ஒரு நாள் ஒரு கதீற்றர் நாள்) 2.28 ஆக இருந்த தொற்று 1.54 ஆனது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. அங்கே மணிக்கு மணி சலம் அளக்க வேண்டியிருப்பதால் கதீற்றரைக் கழற்றுவது இலகுவல்ல. உங்களுடையது சத்திரசிகிச்சை விடுதி, ஆகவே முதல் பாதி உங்களுக்குப் பொருந்தும்.

அமெரிக்க ஆய்வுகளை வாசிக்கும்போது 2015 ஜனவரியைக் கவனியுங்கள். அன்று, எதைக் கதீற்றர் தொற்று என்று எண்ணுவது என்ற அந்த நாட்டின் கண்காணிப்பு வரைவிலக்கணம் மாறியது. பூஞ்சை மட்டும் வளர்ந்தால் கணக்கில் சேராது, கிருமி எண்ணிக்கையின் வரம்பும் உயர்ந்தது. அந்தத் திகதிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு "எங்கள் திட்டத்தால் குறைந்தது" என்று சொல்லும் ஆய்வில், குறைவின் ஒரு பங்கு வெறும் வரைவிலக்கணத்தால் வந்தது. மேலே சொன்ன 2016 அறிக்கையின் தரவுகள் 2015க்கு முந்தியவை, அந்தச் சிக்கல் அதற்கு இல்லை.

இன்னொரு பொறியும் உண்டு, நீங்களே உங்கள் விடுதியில் எண்ணத் தொடங்கும்போது அதில் மாட்டுவீர்கள். ஒரு மாதத்தில் 300 கதீற்றர் நாட்கள், 3 தொற்றுகள் என்று வைப்போம். ஆயிரம் நாளுக்கு 10. நீங்கள் கஷ்டப்பட்டுத் தேவையில்லாதவற்றைக் கழற்றி 150 நாட்களுக்குக் கொண்டுவந்தீர்கள், தொற்று 2 ஆனது. ஆயிரம் நாளுக்கு 13.3! தாளில் விடுதி மோசமாகிவிட்டது போலத் தெரியும், உண்மையில் ஓர் ஆள் குறைவாக நோய்ப்பட்டிருக்கிறார். இலகுவான நோயாளிகளிடமிருந்து கதீற்றரைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது கடுமையான நோயாளிகள்தானே. அதனால் கதீற்றர் நாட்களுக்கு மட்டுமல்லாமல், விடுதியில் இருந்த மொத்த நோயாளி நாட்களுக்கும் கணக்குப் போடுங்கள்.

ஆய்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்கள் விடுதிக்குள் வந்து பார்க்காது. காலை ஆறு மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். ஐந்தாம் கட்டில் ஐயாவோடு நிற்கும் மகன் பிளாஸ்ரிக் ஜொக்கை எடுத்து, பையின் அடித்திறப்பைத் திறந்து சலத்தை ஊற்றுவார். திறப்பின் நுனி ஜொக்கின் விளிம்பில் முட்டும். ஊற்றி முடிந்ததும் அதே ஜொக் கழுவப்படாமல் ஆறாம் கட்டிலுக்குப் போகும். பக்கத்தில் ஒரு பை நிலத்தில் கிடக்கும், இன்னொன்றைக் கட்டிலின் மேல்கம்பியில், உடலுக்குள் இருக்கும் சலப்பையைவிட உயரமாகக் கொளுவியிருப்பார்கள், சலம் திரும்பி உள்ளே போகும். அந்த மகனில் பிழை இல்லை, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரவுக் கடமையில் ஒரு தாதிக்கு இத்தனை கட்டில் என்றால் பையை உறவினர்தான் ஊற்றுவார்கள். அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளில் இந்த மகன் இல்லை. ஆகவே உங்கள் திட்டத்தில் அவர் இருக்க வேண்டும்: ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஜொக், ஊற்றுமுன்னும் பின்னும் கை சுத்தம், நுனி எதிலும் முட்டக்கூடாது, பை எப்போதும் இடுப்புக்குக் கீழே ஆனால் நிலத்தில் தொடாமல், குழாயைப் பையிலிருந்து கழற்றிப் பூட்டக்கூடாது. ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுக்கலாம்.

பிறகு பி.எச்.ரி.களை (நோயாளியின் கட்டில் குறிப்புத் தாள்களை) எடுத்துப் பாருங்கள். கதீற்றர் போட்ட திகதி, போட்டவர், காரணம் மூன்றும் எத்தனை தாளில் இருக்கின்றன? காரணம் எழுதப்படாத கதீற்றரை யாரும் கழற்ற மாட்டார்கள், ஏன் போட்டது என்றே தெரியாதபோது ஏன் கழற்றுவது என்றும் தெரியாது. சத்திரசிகிச்சைக்குப் போட்டது என்றால், வேறு தேவை இல்லாவிட்டால் 24 மணித்தியாலத்துக்குள் கழற்றலாம் என்கிறது 2009 வழிகாட்டி. படுக்கை நனைகிறது என்பது போதுமான காரணமல்ல. சலம் அடைத்தவர், முதுகெலும்பு அல்லது இடுப்பு முறிவால் அசையக்கூடாதவர், சலம் பட்டால் ஆறாத படுக்கைப்புண் உள்ளவர், கடைசி நாட்களில் ஆறுதல் வேண்டுபவர், இவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

இப்போது கனடாக்காரரின் பணம். அவருடைய மனதை நோகடிக்காமல் பதில் எழுதுங்கள், அவர் கொடுக்க நினைப்பது பெரிய விசயம். வெள்ளி பூசிய கதீற்றரால் காய்ச்சல் குறைந்ததாகப் பெரிய ஆய்வு காட்டவில்லை என்று சொல்லி, கதீற்றரே போடாமல் இருக்கவும் நேரத்தோடு கழற்றவும் உதவும் பொருட்களைக் கேளுங்கள். கட்டிலருகே வைக்கும் கொமோட் கதிரைகள், ஆண்களுக்கான சலப்போத்தல்கள், கட்டிலுக்கு ஒன்றாக அளவு ஜொக்குகள், கைத்தேய்ப்புத் திரவம் மாட்டும் தாங்கிகள், பையைக் கொளுவும் கொக்கிகள், கதீற்றரைத் தொடையில் நிறுத்தும் பட்டிகள். சலம் அடைக்காத, மறதிநோய் இல்லாத ஆண்களுக்கு ஆணுறை வகைக் கதீற்றரும் நல்ல மாற்று. 2006இல் வந்த சிறிய எழுமாற்று ஆய்வு ஒன்றில், அத்தகையவர்களுக்கு உள்ளே வைக்கும் கதீற்றரைவிட அதனால் தீங்கு குறைவாக இருந்தது. பணம் மிகுதி என்றால், சலப்பையில் எவ்வளவு சலம் நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கும் சிறிய ஸ்கானரைக் கேட்கலாம். சந்தேகத்துக்குக் கதீற்றர் போட்டுப் பார்ப்பது அதனால் குறையும். எதைக் கேட்டாலும் முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளரின் எழுத்து அனுமதியையும், தொற்றுத் தடுப்புத் தாதியின் சம்மதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கு, "கதீற்றர் தொற்றைத் தடுப்பது எப்படி" என்ற தலைப்பு மிக அகலம், அதற்குள் எல்லா ஆய்வும் புகுந்து உங்களைக் குழப்பும். கேள்வியை இப்படிச் சுருக்குங்கள்: சத்திரசிகிச்சை விடுதியில் இருக்கும் வளர்ந்த ஆண்களில், தாதி தினமும் தேவையைப் பார்த்துக் கழற்றுவது, வைத்தியரின் கட்டளைக்குக் காத்திருப்பதோடு ஒப்பிடும்போது, நோய்க்குறியுள்ள சலத்தொற்றைக் குறைக்கிறதா? யாரில், என்ன செய்வது, எதோடு ஒப்பிடுவது, எந்த விளைவு என்ற நாலு பகுதியும் அதில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆய்வையும் அந்த நாலுக்கும் எதிரே வைத்து, பொருந்துவது எது, பொருந்தாதது எது என்று ஓர் அட்டவணை போடுங்கள். சுருக்கத்தை மட்டும் வாசித்த ஆய்வுகளை அட்டவணையில் சேர்க்க வேண்டாம், முழுதும் வாசித்தவை நாலோ ஐந்தோ என்றாலும் போதும். உங்கள் விடுதியின் ஒரு மாதக் கதீற்றர் நாட்களையும் எண்ணி, பி.எச்.ரி.யில் காரணம் எழுதப்பட்ட வீதத்தோடு பின்னிணைப்பாகச் சேர்க்க விரும்பினால், நோயாளி விபரங்கள் சம்பந்தப்பட்டதால் அதற்கு முன்னரே நெறிமுறைக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.